மணிக்கணக்கு ஆர்லிஸ்

காலை ஆறு ஐம்பத்திரண்டுக்கு ஆர்லிஸ் குபிசெக் தன் அகன்ற முதுகால், வேலை நேரம் பதியும் கடிகார இயந்திரத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறார். கையில் காபிக் கோப்பை. எதிரே பன்னிரண்டு பேர் வரிசையில் காத்திருக்கிறார்கள். பூட்ஸில் ஒட்டிவந்த பனி உருகித் தரையெல்லாம் ஈரம். எல்லார் கையிலும் அட்டை தயாராக இருக்கிறது. ஆனால் யாரும் நகர்வதில்லை.

“இன்னும் நாப்பது செகண்டு. மூச்சு விடலாம், அதுக்கு நான் கணக்கு வைக்கிறதில்ல” என்கிறார் ஆர்லிஸ்.

நெப்ராஸ்காவில், சோளக் காடுகளுக்கு நடுவே உள்ள பெல்டன் என்ற சிற்றூரின் முதியோர் இல்லம் அது. அங்கே இருபத்தாறு வருடமாகச் சம்பளக் கணக்கு பார்க்கும் பெண்மணி இவர். இயந்திரம் கால் மணி கால் மணியாகத்தான் எண்ணும். ஆறு ஐம்பத்து மூன்றுக்கு அட்டையைத் தேய்த்தால் ஏழு மணி என்று எழுதிக்கொள்ளும். ஒரு நிமிடம் முந்தித் தேய்த்தால் ஆறே முக்கால் என்று எழுதிவிடும். ஒரு நிமிட அவசரத்துக்குக் கால் மணிக் கூலி. வாரக் கடைசியில் நாற்பது மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் அந்தக் கால் மணிக்கும் ஒன்றரை மடங்கு. அந்த முதுகு அங்கே நிற்பதற்குக் காரணம் அதுதான்.

மாலையில் இதே கூத்து தலைகீழாக நடக்கும். மூன்றரைக்கு வேலை முடிகிறது. மூன்று முப்பத்தேழு வரை தேய்த்தால் மூன்றரை. முப்பத்தெட்டுக்குத் தேய்த்தால் மூன்றே முக்கால். எனவே முப்பத்தைந்து வாக்கில் இல்லத்தில் பாதிப் பேருக்கு ஷூ கயிறு அவிழ்ந்துகொள்ளும். சமையல்காரர் லானி இயந்திரத்துக்கு இரண்டடி தூரத்தில் குனிந்து, உலகத்தில் வேறு வேலையே இல்லாதவர் மாதிரி முடிச்சுப் போடுவார். கயிறே இல்லாத ரப்பர் பூட்ஸோடு அப்படிக் குனிந்திருந்தபோது ஒருநாள் வசமாக மாட்டிக்கொண்டார்.

“என்ன லானி, பூட்ஸுக்குத் தலை வாரி விடுறியா?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

இதை வைத்து ஆர்லிஸை முதலாளி பக்கத்து ஆள் என்று யாராவது நினைத்தால் அது சுத்தத் தப்பு. புதிதாக வந்த தலைமை நர்ஸ் ஒருத்தி, “பத்து நிமிஷம் முன்னாடி வந்து ராத்திரி விவரத்தைக் கேட்டுட்டு, அப்புறம் அட்டை தேய்ங்க” என்று பெண்களிடம் சொல்லிவைத்தாள். இரண்டாம் நாளே ஆர்லிஸின் மூக்கில் வியர்த்துவிட்டது. கூட்டம் நடந்த அறைக்குள் போய், ஒவ்வொருத்தியையும் தோளைப் பிடித்து எழுப்பி இயந்திரத்துக்கு நடத்திக்கொண்டு வந்தார். “காதால கேக்குறதும் வேலைதான். இந்தக் கட்டடத்துக்காகக் கேட்டா, இந்தக் கட்டடம் காசு குடுக்கணும்” என்றார்.

ஆர்லிஸுக்கு வயது அறுபத்தொன்று. கண்ணாடி கழுத்தில் பாசிமணிச் சங்கிலியில் தொங்கும். மூக்குக்கு ஏறுவது கணக்கு பார்க்க மட்டும். வெள்ளிக்கிழமைகளில் மாநிலக் கல்லூரிக் கால்பந்து அணியின் சிவப்புச் சட்டை. கணவர் ஜீன் சோளம் போடுகிறவர், அறுவடைக் காலத்தில் பதினாறு மணி நேரம் உழைப்பவர். வயல் வேலைக்குச் சட்டத்தில் ஓவர்டைம் கிடையாது. சாப்பாட்டு மேசையில் ஜீன் அலுத்துக்கொண்டால், “உன்னைச் சட்டமே கைவிட்டிருச்சு, நான் என்னய்யா பண்ணட்டும்?” என்று சொல்லி இன்னொரு கரண்டி உருளைக்கிழங்கு வைப்பார். அவர் வீட்டில் நஷ்டஈடு என்றால் அதுதான்.

ஆர்லிஸே மணிக்கணக்குக்காரர்தான். காலை ஆறே முக்காலிலிருந்து மாலை மூன்றே முக்கால் வரை, நடுவில் ஒரு மணி நேரம் கூலியில்லாத சாப்பாட்டு வேளை. அந்த ஒரு மணி நேரத்தை அவர் உள்ளே கழிப்பதில்லை. சாப்பாட்டு அறையில் உட்கார்ந்தால், “ஆர்லிஸ், எனக்கு எத்தனை நாள் லீவு பாக்கி?” என்று யாராவது வந்து நிற்பார்கள். பதில் சொன்னால் அது வேலை. சாப்பாட்டு வேளை கெட்டுப்போகும். எனவே குளிரோ வெயிலோ, தன் பழைய பியூக் காரில் உட்கார்ந்து, மிளகாய் பீன்ஸ் குழம்பில் இலவங்கப்பட்டை ரொட்டியை முக்கிச் சாப்பிடுகிறார். கண்ணாடியைத் தட்டுகிறவர்களுக்கு ‘ஒரு மணிக்கு வரவும்’ என்று எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டுவார். நிர்வாகி டாட் வெஸ்ஸல் ஒருமுறை மூன்று தரம் தட்டினார். மூன்று தரமும் அட்டைதான் பதில். ஒரு மணிக்கு இறங்கிப் பார்த்தபோது பின் சக்கரத்தில் பொட்டுக் காற்றில்லை.

“அதைத்தான் சொல்ல வந்தேன்” என்றார் டாட்.

“டயர் என் சொந்த விஷயம். அதை நீங்க சொல்லியிருக்கலாமே” என்றார் ஆர்லிஸ், கொஞ்சமும் சிரிக்காமல்.

இதே டாட் அவருக்கு ‘அலுவலக மேலாளர்’ என்ற பட்டம் தருவதாகச் சொன்னார். தனி அறை, கதவில் பெயர், வருடச் சம்பளம். அட்டை தேய்க்க வேண்டியதில்லை. ஆர்லிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரையே ஏற இறங்கப் பார்த்தார். “போன வாரம் உங்க வீட்டம்மா எனக்குப் போன் பண்ணாங்க, டாட். நீங்க எந்த ஷிப்ட்டுன்னு கேட்டாங்க. அந்த மாதிரி பட்டம் எனக்கு வேண்டாம்” என்று சொல்லிவிட்டார். டாட் நல்ல மனிதர். வருடச் சம்பளக்காரர் என்பதால் மாலை ஏழு மணிக்கும் அவர் கார் அங்கேயே நிற்கும், அவ்வளவுதான்.

இப்படி ஒருவர், தன் விதியிலேயே தான் வழுக்கி விழுவோம் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்.

போன ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை. தேவாலயத்து இரவுச் சாப்பாட்டுக்கு வேண்டிய பெரிய பாத்திரத்தை இல்லத்துச் சமையலறையிலேயே மறந்துவிட்டு, ஐந்து மணிக்கு அதை எடுக்கத் திரும்பி வந்தார். வண்டிகள் நிறுத்துமிடத்தில் டாட்டுடையதைத் தவிர ஒரு கார் மட்டும் கூரையில் அரை அடிப் பனியோடு நின்றது. காலையிலிருந்து நகராத கார். மரிசெல் ஓச்சோவாவுடையது. மரிசெல் முதியவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டிவிடும் உதவியாளர். மூன்று முப்பத்தொன்றுக்கே அட்டை தேய்த்துவிட்டுப் போனதை ஆர்லிஸ் தன் கண்ணால் பார்த்திருந்தார்.

பதினான்காம் அறையில் ஆளைப் பிடித்தார். அது எமில் ஷெடிவியின் அறை. எமிலுக்குத் தொண்ணூற்றொரு வயது. ஊர்த் தானியக் கிடங்கில் நாற்பது வருடம் எடை போட்டவர். மகன் அரிசோனாவிலிருந்து ஞாயிறுதோறும் போன் செய்வான், அதோடு சரி. மேசை மேல் சீட்டுக்கட்டும், குச்சி செருகும் துளைப்பலகையும் இருந்தன. கிரிபேஜ் ஆட்டம் சூடாக நடந்துகொண்டிருந்தது.

“பதினஞ்சுக்கு ரெண்டு, பதினஞ்சுக்கு நாலு, ஜோடிக்கு ரெண்டு, ஆக ஆறு” என்று தன் சீட்டுகளுக்கான புள்ளிகளை எண்ணியபடியே எமில் வாயைத் திறந்தார். மரிசெல் ஒரு துண்டு இறைச்சியை ஊட்டிவிட்டு, அவர் மோவாயைத் துடைத்து, தட்டில் அடுத்த துண்டை வெட்டத் தொடங்கினாள்.

“மரிசெல், நீ மூணு முப்பத்தொண்ணுக்கே வீட்டுக்குப் போயிட்டே. மெஷின் சொல்லுது.”

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். “போயிட்டேன் ஆர்லிஸ். இது சும்மா சீட்டாட்டம்.”

“கையில என்ன?”

“கத்தி.”

“யாரோட கறி?”

“அவரோடது.”

“அவரோட கறியை வெட்டிக் குடுக்கத்தானே உனக்கு இங்க சம்பளம்?”

“ஆமா. ஆனா நான் காசு கேக்கலியே! இவரு தனியா இருந்தா தட்டைத் தொடவே மாட்டேங்கறாரு. ஆட்டம் நடந்தா தன்னை அறியாம சாப்பிட்டுடறாரு. ஆசையாத்தான் இருக்கேன்.”

“நீ கேக்காட்டியும் குடுத்தாகணும் கண்ணு. இந்த வாரம் உனக்கு நாப்பது முடியப்போகுது. அதுக்கு மேல உன் ஆசைக்கும் ஒன்றரை மடங்கு.”

“ஏம்மா, நடுவுல புகுந்து ஆட்டத்தைக் கெடுக்காதே. நான் ஜெயிச்சிட்டிருக்கேன்” என்றார் எமில்.

இது எத்தனை நாளாக நடக்கிறது என்று ஆர்லிஸ் கேட்டார். நவம்பர் கடைசியிலிருந்து என்றாள் மரிசெல். ஆர்லிஸுக்குத் தலை சுற்றியது. தன் மூக்குக்குக் கீழே, தன் கட்டடத்தில், ஒருத்தி ஏழெட்டு வாரமாகக் கூலியில்லாமல் உழைத்திருக்கிறாள்! மறுநாள் காலையிலேயே உட்கார்ந்து நாள் வாரியாக எழுதி, அத்தனை மணி நேரத்தையும் கணக்கில் ஏற்றி டாட் முன்னால் வைத்தார். பெரிய நியாயம் ஒன்றைச் செய்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது.

டாட் தாளைப் பார்த்து நெற்றியைத் தேய்த்தார். இல்லத்தின் சொந்தக்காரர்கள் ஒமாஹாவில் இருக்கிறார்கள். அனுமதியில்லாத ஓவர்டைம் அந்த வருடம் கூடவே கூடாது என்று அவர்கள் கட்டளை.

“குடுத்துத்தான் ஆகணும். குடுத்துடறேன்” என்றார். “ஆனா எச்சரிக்கைக் கடிதமும் குடுத்துத்தான் ஆகணும். இன்னொரு தடவை இப்படி நடந்தா அவளை வேலையிலிருந்து அனுப்பச் சொல்லுவாங்க. ரெண்டுமே விதிதான், ஆர்லிஸ்.”

உண்மைதான், இரண்டும் விதிதான். செய்த வேலைக்குக் கூலி தராமல் இருக்க முடியாது. சொல்லாமல் செய்ததற்குத் தண்டிக்காமலும் இருக்க வேண்டியதில்லை. அந்தக் கடிதத்தின் படிவம் ஆர்லிஸின் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. அவரே தட்டச்சு செய்தார். மரிசெல் கையெழுத்துப் போட்டுவிட்டு, மூன்றரைக்கு அட்டையைத் தேய்த்து, யாரையும் பார்க்காமல் நேராகக் காருக்குப் போனாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன் வேறு.

எமில் அன்று மாலைத் தட்டைத் திருப்பி அனுப்பினார். மறுநாளும் அப்படியே. “பசிக்கல” என்பதுதான் ஒரே பதில். ஊட்ட வந்த மாலை உதவியாளர்களிடம் வாயை இறுக மூடிக்கொண்டார். புதன்கிழமை நிறுத்துப் பார்த்தபோது நாலு பவுண்டு குறைந்திருந்தது. வாழ்நாள் முழுக்க எடை போட்ட மனிதர் தராசு முள்ளைத் தானே எட்டிப் பார்த்துவிட்டு, “சரியாத்தான் காட்டுது” என்று மட்டும் சொன்னாராம்.

காலை வரிசையில் இப்போது பேச்சில்லை. நாற்பது செகண்டு என்று ஆர்லிஸ் சொன்னால் யாரும் சிரிப்பதில்லை. லானி ஷூ கயிறு கட்டுவதைக்கூட நிறுத்திவிட்டார். முப்பது ஆனதும் டக்கென்று தேய்த்துவிட்டுப் போய்விடுகிறார். அதுதான் ஆர்லிஸைச் சுட்டது. மனசு விட்டுச் சொன்னால், அவருக்கு வெட்கமாக இருந்தது. யாரையும் ஏமாற்றக் கூடாது என்று வைத்த சட்டம் ஒரு கிழவனைப் பட்டினி போட்டுவிட்டது. அதைச் செய்தது டாட் இல்லை, ஒமாஹாக்காரர்கள் இல்லை. பனி மூடிய காரைப் பார்த்த தன் கண்தான்.

வியாழக்கிழமை தொழிலாளர் துறைக்குப் போன் போட்டார். நாற்பது நிமிடம் காத்திருந்து பியானோ இசை கேட்டபிறகு ஓர் இளைஞன் குரல் வந்தது.

“அவங்க நண்பரா வந்து பாக்கறதுல தப்பில்லைங்க. ஆனா சம்பளத்துக்கு என்ன வேலை செய்யறாங்களோ, அதைச் சும்மா செய்யக் கூடாது.”

“கறி வெட்டிக் குடுக்கலாமா?”

மறுமுனையில் தாள்கள் புரளும் சத்தம் கேட்டது. “வெட்டாம இருக்கறது நல்லதுங்க” என்றான் அந்தப் பையன்.

அது போதும் ஆர்லிஸுக்கு. டாட்டிடம் போய்ப் பேசினார். “விருந்தாளியா வரட்டும். ஆனா ஒரு தடவை வேலைன்னு கை நீட்டினாலும் நான் ஒண்ணும் பண்ண முடியாது” என்றார் அவர். வெள்ளிக்கிழமை காலை, வேலை நேரத்திலேயே, ஆர்லிஸ் மரிசெலைத் தன் மேசைக்கு எதிரே உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். மூன்றரைக்கு அட்டை தேய்க்க வேண்டும். பின்வாசல் வழியாகக் காருக்குப் போய்ச் சீருடைக்கு மேல் சொந்தச் சட்டையைப் போட்டுக்கொள்ள வேண்டும். கட்டடத்தைச் சுற்றி நடந்து முன்வாசல் வழியாக வந்து, விருந்தினர் புத்தகத்தில் பெயர் எழுத வேண்டும். உறவு என்ற கட்டத்தில் ‘சிநேகிதி’.

“அவர் கைக்குட்டை கீழ விழுந்தா?” என்று கேட்டார் ஆர்லிஸ்.

“எடுத்துக் குடுப்பேன்.”

“அது யார் வேணா செய்வாங்க. சரி. தலகாணி சரிஞ்சா?”

“நிமித்தி… இல்ல, ஆளைக் கூப்பிட மணிக் கயித்தை இழுப்பேன்.”

“தும்மினா?”

“அதுக்குமா மணி அடிக்கணும்?”

“தும்மினா நூறாயுசுன்னு சொல்லு. அதுக்கு யாரும் சம்பளம் குடுக்கிறதில்ல.”

மரிசெல் சிரித்துவிட்டாள். எட்டு நாளில் அங்கே கேட்ட முதல் சிரிப்பு. ஆர்லிஸுக்கு அழுகை வந்தது. மூக்கைச் சிந்தி அதைச் சமாளித்தார்.

அன்று மூன்றே முக்காலுக்கு ஆர்லிஸும் அட்டையைத் தேய்த்தார். வீட்டுக்குப் போகவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு, முன்வாசலுக்கு வந்து, விருந்தினர் புத்தகத்தில் தன் பெயரையும் எழுதினார். உறவு என்ற இடத்தில் பேனா கொஞ்ச நேரம் தயங்கியது. ‘ஊர்க்காரி’ என்று போட்டார். பதினான்காம் அறை வாசலில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார்.

மரிசெல் மஞ்சள் கம்பளிச் சட்டையில் உள்ளே வந்ததும் எமில் அவளை முறைத்தார். “ஒரு வாரமா எங்க போயிட்டே? தோத்துடுவோம்னு பயமா?” என்றவர், பதிலுக்குக் காத்திராமல் சீட்டைக் கலைக்கத் தொடங்கினார். ஒரு மணி நேரத்தில் கிழவர் கன்னத்தில் நிறம் வந்துவிட்டது. மரிசெல் இரண்டு ஆட்டம் தோற்றாள். அவள் வேண்டுமென்றே தோற்றாளா என்று கேட்டுச் சண்டை பிடித்தார்.

ஐந்து மணிக்குத் தட்டு வந்தது. தக்காளி சூப்பும் இரண்டு ரொட்டித் துண்டும். கொண்டுவந்த பெண் வைத்துவிட்டு ஓடினாள். கோடியறையில் யாரோ விழுந்துவிட்டார்களாம். எமில் சீட்டைப் பார்த்துக்கொண்டே, யாரும் சொல்லாமல், கரண்டியை எடுத்தார். ஆர்லிஸ் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

கை நடுங்கியது. பாதி சூப் தட்டில், பாதி மோவாயில். இரண்டாவது கரண்டி இன்னும் மோசம். கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. மரிசெலின் கை தானாக நீண்டது. வாசலில் ஆர்லிஸ் தலையை ஆட்டினார். கை பாதியில் நின்று திரும்பிப் போயிற்று. மரிசெல் மணிக் கயிற்றை இழுத்தாள். கதவுக்கு மேலே விளக்கு எரிந்தது. பிறகு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

யாரும் வரவில்லை. விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. சிவப்பாக ஒரு கோடு எமிலின் மோவாயிலிருந்து சட்டைப் பொத்தான் வரை இறங்கியது. அவர் அதைக் குனிந்து பார்த்தார். கரண்டியைக் கீழே வைத்தார்.

“எடுத்துட்டுப் போகச் சொல்லு. எனக்கு வேண்டாம்” என்றார், மிகவும் மெல்லிய குரலில்.

மரிசெல் ஆர்லிஸைப் பார்த்தாள். கண் முழுக்கத் தண்ணீர். “நான் துடைச்சிடறேனே. போனா போகட்டும்.”

“கையை எடுத்தே, கொன்னுடுவேன்” என்றார் ஆர்லிஸ். “எமில், அந்தச் சீட்டைக் கீழ வைக்காதே. இதோ வந்துட்டேன்.”

அவர் ஓடி அந்த இல்லத்தில் யாரும் பார்த்ததில்லை. பனிப் பூட்ஸ் தரையில் தடதடக்க, நடைபாதையின் மறுகோடிக்கு ஓடினார். திறந்திருந்த தன் அறையிலிருந்து டாட் எட்டிப் பார்த்தபோது, கோட்டுப் பையில் கைவிட்டு அட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.

“ஆர்லிஸ்? உங்களுக்குத்தான் இன்னிக்கு மூணே முக்காலுக்கே நாப்பது முடிஞ்சிருச்சே!”

“தெரியும்.”

“அனுமதி கேக்கலியே நீங்க.”

“அதுக்கு நேரமில்ல. எமிலுக்கு மோவாய் துடைக்கணும், அதுவும் வேலைதான். எனக்கான எச்சரிக்கைக் கடிதத்தைத் திங்கக்கிழமை நானே டைப் பண்ணி வைக்கிறேன். நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும்.”

அட்டையைத் தேய்த்தார். இயந்திரம் ஒரு முறை கூவியது. வந்த வேகத்திலேயே திரும்பி ஓடினார். கோட்டைக் கழற்றி மரிசெலின் மடியில் எறிந்துவிட்டு, எமிலின் பக்கத்தில் குனிந்து, துணியை எடுத்து, அவர் மோவாயையும் கழுத்தையும் நிதானமாகத் துடைத்தார். பிறகு சூப் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி, கரண்டிக்கு எட்டுகிற உயரத்தில் பிடித்துக்கொண்டார்.